நாலு லோடு அதிகம்

மூன்றாம் நாள் மதியம் யூனிஸ் ராஜகீழ்ப்பாக்கத்து மனைக்கு வந்தபோது ஒரு டிப்பர் மண் ஏற்றிக்கொண்டு தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. லோடு எண்ணி எழுதக் கேட்டில் கட்டித் தொங்கவிட்டிருந்த நோட்டைப் பிரித்தாள். அன்றைக்கு அது பதினோராவது லோடு.

கட்டடங்களுக்கு எஸ்டிமேட் போடுவதும், வேலை அதன்படி நடக்கிறதா என்று பார்ப்பதும் அவள் தொழில். மனை லோகநாதனுடையது. மூன்று மாடியும் அடியில் கார் நிறுத்த ஒரு தளமும் கட்டுகிறார். அதற்கான பள்ளம் முப்பத்திரண்டுக்கு ஐம்பது, ஒன்பதடி ஆழம். நூறு கன அடி ஒரு யூனிட் என்றால் நூற்று நாற்பத்து நாலு யூனிட். தரையில் இறுகிக் கிடக்கும் மண் வெட்டி எடுத்ததும் உப்பிவிடும், அதற்குக் கால் பங்கு சேர்த்தால் நூற்றெண்பது. டிப்பருக்கு மூன்று யூனிட் பிடிக்கும். ஆக அறுபது லோடு. முதல் நாள் மூன்றடி எடுத்தார்கள், இருபது லோடு போனது. இரண்டாம் நாளும் மூன்றடி, இருபது லோடு. தன் கணக்கு இவ்வளவு துல்லியமாக வந்ததில் அவளுக்கு உள்ளூரப் பெருமைதான்.

டேப்பின் நுனியில் கல்லைக் கட்டி நாலு மூலையிலும் இறக்கிப் பார்த்தாள். ஏழடி. ஒரே ஒரு அடிதான் இறங்கியிருந்தது. ஒரு அடிக்கு ஏழு லோடு போதும்.

பொக்லைன் ஓட்டுநர் சவுரிமுத்து பள்ளத்தில் வண்டியை நிறுத்திவிட்டு நிழலில் டீ குடித்துக்கொண்டிருந்தார். இருபது வருடமாக இதே வேலை பார்ப்பவர்.

"அண்ணா, வண்டியெல்லாம் முழுசா ரொம்பித்தான் போகுதா?"

"இன்னா மேடம் இப்டி கேட்டுட்ட? நானே அள்ளிப் போடறேன், எனக்குத் தெரியாதா? தார்ப்பாயைக் கட்ட முடியல, அவ்ளோ ரொம்பிப் போவுது."

"அப்ப நாலு லோடு எங்கேருந்து வந்துச்சு?"

"நாலு லோடு ஒரு மேட்டரா? முன்னபின்ன ஆவறதுதான."

"ரெண்டு நாள் ஒரு லோடுகூட மாறலையே அண்ணா. இன்னைக்கு மட்டும் எப்படி?"

சவுரிமுத்து டீ கிளாஸைக் கீழே வைத்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "கெய்க்கு மூலையில மண்ணு சரிஞ்சிகினே கீது மேடம். காலையில அள்னேன். மறுபடி சரிஞ்சிது. மறுபடி அள்னேன். ஈர மணலு, தண்ணி மாரி ஓடியாருது" என்றார்.

யூனிஸ் கிழக்கு மூலையைப் பார்த்தாள். மேலே ஆறடிக்குச் செம்மண் செங்குத்தாக, சுவர் போல நின்றது. அதன் காலடியில் மட்டும் சாம்பல் நிற மணல் விசிறியாகப் பரவியிருந்தது. மேலே இருந்து சரிந்திருந்தால் செம்மண்ணாக இருந்திருக்க வேண்டும். இது உள்ளேயிருந்து வருகிறது.

இருபதடிக் கம்பி ஒன்றை எடுத்துவரச் சொன்னாள். எட்ட நின்றுகொண்டு இருவருமாக அதை அந்த மணலுக்கு மேலே, செம்மண் முடியும் இடத்தில் நுழைத்தார்கள். கம்பி எதிலும் இடிக்காமல் போய்க்கொண்டே இருந்தது. எட்டடி போயிற்று.

பள்ளத்தின் விளிம்பிலிருந்து காம்பவுண்டு சுவர் நாலடி. அங்கிருந்து பக்கத்து வீடு நாலடி. அவள் கம்பியை விட்டுவிட்டு மேலே ஏறினாள்.

பக்கத்து வீடு கன்னியம்மாவுடையது. புருஷன் இறந்த பிறகு முன்னறையில் தையல் கடை போட்டிருந்தார். யூனிஸ் ஓடியபோது அவரும் வேலைக்கு வரும் இரண்டு பெண்களும் மெஷினில் குனிந்திருந்தார்கள்.

"அக்கா, எல்லாரும் உடனே வெளியே வாங்க."

"இன்னாத்துக்கு? நாளைக்குக் கல்யாண பிளவுஸு பதினாலு குடுக்கணும். உங்க வண்டி சத்தத்துல மூணு நாளா மண்டை காயுது, இப்ப வெளிய வேற வரணுமா?"

"உங்க வீட்டுக்கு அடியில மண் இல்லக்கா. நாங்க எடுத்துட்டோம். தெரியாம எடுத்துட்டோம்."

கன்னியம்மா மெஷினை நிறுத்தினார். யூனிஸின் முகத்தைப் பார்த்தார். பிறகு வாசற்கதவைப் பார்த்தார்.

"அதான் காலையிலேர்ந்து கதவு சாத்த மாட்டேங்குதா?" என்றார் மெதுவாக.

எழுந்து பெண்களைக் கிளப்பினார். மூன்று தையல் மெஷினையும் துணி மூட்டைகளையும் தூக்கித் தெருவுக்கு எதிர்ப்பக்கம் வைத்தார்கள். நாலாவதை எடுக்கத் திரும்பியவரை யூனிஸ் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

சவுரிமுத்து இதற்குள் டிப்பர்காரர்களுக்குப் போன் போட்டிருந்தார். வண்டலூர்ப் பக்கம் கொட்டப் போன இரண்டு வண்டிகள் மண்ணோடு திரும்பின. அப்போதுதான் லோகநாதன் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். எடுத்த மண்ணையே திரும்பப் பள்ளத்தில் கொட்டுவதைக் கண்டு அவருக்குக் கோபம் வந்தது.

"என்னம்மா பண்றீங்க? மூணு நாள் எடுத்ததை எதுக்குத் திருப்பிக் கொட்டறீங்க?"

"சார், இந்தக் கிழக்கு மூலையில முன்னாடி என்ன இருந்துச்சு?"

"வயல்தான். அன்னைக்கே சொன்னேனே."

"வயலுக்குத் தண்ணி எங்கேருந்து பாஞ்சுது?"

லோகநாதன் ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றார். "கிணறு இருந்துச்சு" என்றார். "பெரிய கிணறு. இருபதடி சதுரம். மனை போடறப்ப மணலைக் கொட்டி மூடி, மேல செம்மண் போட்டு இறுக்கினோம். பாதி இந்த மனையில, பாதி..." அவர் முடிக்காமல் பக்கத்து வீட்டைப் பார்த்தார். அந்த மனையைக் கன்னியம்மாவின் புருஷனுக்கு விற்றதும் அவர்தான். "இருபத்தஞ்சு வருஷமாச்சும்மா. கிணறுன்னா யாரும் மனை வாங்க மாட்டாங்கன்னு அப்ப சொல்லல. அப்புறம் எப்ப சொல்றது?"

தெருவின் எதிர்ப்பக்கத்தில் நின்றிருந்த கன்னியம்மாவுக்கு அது கேட்டது. அவர் அந்த இடத்திலேயே துணி மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

ஐந்தேகால் மணிக்குக் காம்பவுண்டு சுவர் பத்தடி நீளத்துக்கு அப்படியே உள்வாங்கியது. சத்தம் பெரிதாக இல்லை. தொடர்ந்து முன்னறையின் மூலை நாலு அங்குலம் இறங்கி, ஜன்னலுக்கு மேலே கை நுழையும் அளவு விரிசல் ஓடியது. வீடு அதோடு நின்றது. தெற்குப் பக்கத்திலிருந்து வண்டிகள் கொட்டக் கொட்ட, சவுரிமுத்து பொக்லைனின் கையை நீட்டி மண்ணை அந்த மூலைக்குத் தள்ளிக்கொண்டே இருந்தார். வேறு இடத்து மண்ணையும் சேர்த்து ஏழு லோடு போனது. யாருக்கும் அடி இல்லை.

"என் தப்பும் இருக்கு சார்" என்று யூனிஸ் அன்று மாலையே லோகநாதனிடம் சொன்னாள். "மண்ணு எப்படின்னு பார்க்க ரெண்டு குழி எடுத்தேன். ரெண்டும் மேற்குப் பக்கம். கிழக்குல உங்க செங்கல் அடுக்கியிருந்துச்சு. அதை நகர்த்தச் சொல்லியிருக்கணும். சோம்பேறித்தனப்பட்டுட்டேன்."

அவர் நேரே கன்னியம்மாவிடம் போனார். என்ன சொன்னார் என்று யூனிஸுக்குக் கேட்கவில்லை. கன்னியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டதுதான் தெரிந்தது. ஆனால் ராத்திரிக்குள் மெஷின்கள் நாலு வீடு தள்ளி லோகநாதனின் சொந்த வீட்டுக் கீழ்ப்போர்ஷனுக்குப் போயிருந்தன. நாலாவது மெஷினைச் சவுரிமுத்து மறுநாள் ஜன்னல் வழியாக எடுத்துக்கொடுத்தார்.

அடியில் கார் நிறுத்தும் தளம் கைவிடப்பட்டது. வண்டிகள் தரைமட்டத்திலேயே நிற்கும்படி யூனிஸ் வரைபடத்தை மாற்றினாள். கன்னியம்மாவின் வீட்டு மூலைக்கு அடியில் புதிதாகக் கான்கிரீட் தாங்கல் கொடுக்கும் வேலை லோகநாதனின் பொறுப்பில் தொடங்கியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் யூனிஸ் கன்னியம்மாவைப் பார்க்கப் போனாள். அவர் தைத்துக்கொண்டே, நிமிராமல் கேட்டார்.

"எத்தினி நாள்ல என் வூடு ரெடி ஆவும்?"

"தோண்டிப் பார்த்தாத்தான்க்கா தெரியும்."

"கணக்குப் போடறவ தான நீ? ஒரு கணக்கு சொல்லு."

யூனிஸ் மனத்துக்குள் கூட்டிப் பார்த்தாள். "முப்பது நாள். பத்து நாள் கூட ஆனாலும் ஆகும்."

"நாப்பதுன்னே வெச்சிக்கிறேன்" என்றார் கன்னியம்மா. ஸ்டூலைக் காலால் அவள் பக்கம் தள்ளினார். "குந்து. டீ சொல்றேன்."

நாற்பத்து நாலு நாள் ஆனது.