வில்சன் எழுதும் பக்கம்

"விடுண்ணே... விட்டுருண்ணே," என்று பிணத்திடம் கெஞ்சியபடி, ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அண்ணனின் விரல்களைப் பிரித்துக்கொண்டிருந்தார் அடைக்கலம். இடது கை வந்துவிட்டது. வலது கை வளைந்தபடியே விறைத்திருந்தது. காலையில் கஞ்சி குடித்துவிட்டுக் காரில் போய் உட்கார்ந்தவரை மத்தியானம் சாப்பிடக் கூப்பிடப் போனபோதுதான் மகள் சொர்ணம் பார்த்தாள்.

செத்துப்போன ஆத்மநாதன் திருமயத்தில் அரிசி மில் வைத்திருந்தவர். ராஜாவின் சமஸ்தானம் கலைந்த சமயம் சல்லிசாக வந்த ஆஸ்டின் காரை வீட்டுக் கொட்டகையில் நிறுத்தி, பத்து வருஷமாகக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். பழைய கார்களை வீட்டிலேயே சரிசெய்கிறவர்களுக்கென்று சீமையில் ஒரு மாதப் பத்திரிகையே இருந்தது; கப்பலில் வரும். அதில் வில்சன் என்பவர் தன் படத்தைப் போட்டு யோசனை சொல்லி எழுதுவார். இங்கிலீஷ் படித்த சொர்ணம் வாசித்துச் சொல்வாள். "வில்சன் வந்தாச்சா?" என்றுதான் தபால்காரரைக் கேட்பார் அப்பா. மருமகனைக்கூட அவ்வளவு ஆசையாகக் கேட்டதில்லை.

அவள் பிரசவத்துக்கு வந்து இறங்கிய அன்றே சொல்லிவிட்டார்: "ஒன்னையும் பிள்ளையையும் இந்தக் கார்லதான் கூட்டிட்டுப் போவேன் பாரு." அன்றைக்கு அது கேட்க இனிப்பாக இருந்தது.

செத்தது சனிக்கிழமை. சனிப் பிணம் தனியாகப் போகாது என்பார்கள். எதிர்வீட்டு இருளாயி சொர்ணத்தின் வயிற்றைப் பார்த்தாள். உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். துணைக்குப் போகட்டும் என்று யாரோ ஒரு கோழியைக் கொண்டுவந்து பாடையில் கட்டினார்கள்.

கறுப்புச் சட்டைக்காரரான அடைக்கலம் அதை அவிழ்த்துவிட்டார். "எந்தக் காலத்துல இருக்கீங்க? எங்க அண்ணனுக்குக் கோழியா தொணை?"

"கட்டிவிட்டுருங்க சித்தப்பா," என்றாள் சொர்ணம். "வகுத்துப் பிள்ளை காலையிலேருந்து அசையல."

"நீ பயந்துகிட்டு இருக்கேல்ல, அதான். ஒன்னைய எதும் செய்வாராம்மா? அவரு ஒம் மேல உசுரா இருந்தாரு."

அவளுக்குப் பயமே அதுதான். அப்பா சொன்னால் சொன்னபடி செய்கிறவர்.

கோழி வேலியைத் தாண்டி ஓடிவிட்டது. குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். முழங்கால்கள் இன்னும் சரியாக நீளவில்லை. கட்டிலில் காரோட்டிப் போகிறவர் மாதிரிதான் கிடந்தார் அப்பா. சொர்ணம் கொட்டகைக்குப் போனாள். முன்சீட்டில் அந்த மாதத்துப் பத்திரிகை கிடந்தது. வில்சனின் பக்கத்தைப் புரட்டினாள். ஸ்பேனரும் கையுமாக, பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். முன்பின் பார்த்திராத மனிதர். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர். அப்பாவுக்குப் பிடித்தவரும்கூட.

வில்சனின் படம் மேலே தெரியும்படி பத்திரிகையைச் சுருட்டி, அப்பாவின் வளைந்த வலது கையில் செருகினாள். அளவெடுத்ததுபோலப் பொருந்தியது. காதருகே குனிந்தாள்.

"இவரைக் கூட்டிட்டுப் போங்கப்பா. வண்டி தெரிஞ்சவரு."

"படிக்கிற மனுசரு, புஸ்தகம் வேணும்ல," என்று இருளாயி மூக்கைச் சிந்தினாள்.

பாடை தெருமுனை திரும்பியபோது வயிற்றுக்குள் பிள்ளை உதைத்தது. சொர்ணம் தூணைப் பிடித்துக்கொண்டாள். அப்பாவுக்காக அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. வாய்விட்டு அழுதாள்.

பெண் குழந்தை பிறந்தது, குறையில்லாமல். அதற்குக் கழுத்து நிற்கத் தொடங்கிய சமயம் தபால்காரர் ஒரு பத்திரிகையைக் கொடுத்துவிட்டுப் போனார். சந்தாவை நிறுத்தச் சொல்லி எழுத யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. மடியில் பிள்ளை பால் குடித்துக்கொண்டிருக்க, ஒரு கையால் பிரித்தாள்.

வில்சனின் பக்கத்தில் இந்த முறை யோசனை ஒன்றும் இல்லை. அதே படம், அதே சிரிப்பு. சுற்றிலும் தடித்த கறுப்புக் கட்டம். கீழே நாலு வரி. நல்ல திடகாத்திரமாக இருந்தவராம். கார் கொட்டகையில் வேலை செய்துகொண்டிருந்தவர் திடீரென்று சாய்ந்துவிட்டாராம். தேதியும் போட்டிருந்தது. அப்பாவைத் தூக்கிப் போன அதே சனிக்கிழமை.

மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்று முடித்திருந்தார்கள். அந்த வரியைச் சொர்ணம் திரும்பத் திரும்பப் படித்தாள்.

பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் போனாள். ஒரு வாளி இறைத்து, கட்டிய சேலையோடு தலையில் ஊற்றினாள். சத்தம் கேட்டு ஆத்தா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள்.

"அடியே, பால் குடுக்குறவ! எந்தச் சொந்தம் செத்துச்சுன்னு இந்தப் பொழுதுல தலை முழுகுற?"

சொர்ணம் மறுபடியும் கயிற்றை உள்ளே விட்டாள்.