எல்லாப் பெட்டிக்கும் ஒரே திறப்பு

சுனாமி வந்து ஒரு வருஷத்தின் பின், மட்டக்களப்பில் வேலை செய்த ஒரு நிவாரண நிறுவனத்துக்கு வெளிநாட்டிலிருந்து பதினொரு கம்பியில்லாப் பெட்டிகள் நன்கொடையாக வந்தன. வெள்ளை நிறம், ஒவ்வொன்றும் ஒரு பாடப்புத்தகத்தின் அளவுதான். கூரைமேல் கம்பம் நட்டு ஒன்றையொன்று பார்க்கும்படி பொருத்திவிட்டால், வாவியின் இந்தக் கரையிலுள்ள கணினியும் அந்தக் கரையிலுள்ள கணினியும் கம்பி இழுக்காமலே பேசிக்கொள்ளும். அவற்றைப் பொருத்தியவள் பிரஷாந்தி. ஆரையம்பதிக்காரி. கணினியும் வலையமைப்பும் பார்க்க அந்த நிறுவனத்தில் இருந்த ஒரே ஆள். முதல் கூரையில் அவள் ஏறியபோது றோட்டால் போனவர்கள் சைக்கிளை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள். மூன்றாவது கூரைக்குப் பிறகு ஒருவரும் நிற்கவில்லை.

2007ஆம் ஆண்டு முடியும்போது நிறுவனம் கொக்கட்டிச்சோலையில் ஒரு கிளை திறந்தது. சண்டையில் இடம்பெயர்ந்து திரும்பி வந்த சனத்துக்குக் கூரைத்தகடும் விதைநெல்லும் கொடுப்பதற்காகத்தான் திறந்தார்கள். ஆனால் வந்த பெண்களில் பலர் கூரைத்தகட்டைப் பற்றிப் பேசி முடித்த பிறகும் கதிரையை விட்டு எழவில்லை. கடைக்குப் போன மகன் வரவில்லை என்றார்கள். வயல் வட்டைக்குள் நின்ற புருஷனை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்றார்கள். அதையெல்லாம் கேட்டு எழுதியவள் தனுஷியா. செட்டிபாளையத்துப் பெண், வயது இருபத்தைந்து. எழுதியதை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, அந்த வெள்ளைப் பெட்டி வழியாக நகரத்து அலுவலகத்துக்கு அனுப்புவாள்.

ஒருநாள் அவள் கேட்டாள்.

"அக்கா, நான் அனுப்புறத இடையில ஆரும் பாப்பாங்களா?"

"பூட்டித்தான் போகுது. நீ பயப்படாம அனுப்பு," என்றாள் பிரஷாந்தி.

அதைச் சொல்லும்போது அவளுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. கடவுச்சொல்லை வைத்தவள் அவள்தானே. சின்ன எழுத்து, பெரிய எழுத்து, இலக்கம் எல்லாம் கலந்த பதினாறு எழுத்துகள்.

2008 சித்திரையில் விழுந்த மின்னலில் ஆரையம்பதிக் கூரையிலிருந்த பெட்டி கருகிப் போனது. கொக்கட்டிச்சோலையிலிருந்து வருவது அந்தப் பெட்டியில் இறங்கித்தான் நகரத்துக்குப் போகவேண்டும். பிரஷாந்தி களஞ்சியத்திலிருந்து புதுப் பெட்டி ஒன்றை உறை கிழித்து எடுத்து, கம்பத்தில் கட்டி, மின்சாரம் கொடுத்தாள். இனி மடிக்கணினியைத் திறந்து கடவுச்சொல்லைப் பதியவேண்டும். திறந்தாள். அதற்குள் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அவள் இன்னும் ஒரு எழுத்தும் தட்டவில்லை. பெட்டி தன்பாட்டில் கொக்கட்டிச்சோலையைப் பிடித்துக்கொண்டுவிட்டது. பெட்டி வழியே போய்வருவதைப் பார்க்கும் மென்பொருளை ஓடவிட்டாள். எழுத்துகள் வரிவரியாகத் திரையில் இறங்கின. பெயர் கண்ணகை, வயது ஐம்பத்திரண்டு. காணாமற்போனவர் மகன் நிதுர்ஷன், வயது இருபத்துமூன்று. அதற்குக் கீழே, அவனைக் கூட்டிக்கொண்டு போன மூன்று பேரில் ஒருவனைத் தாய்க்கு அடையாளம் தெரியும் என்றும், அவனை ஊரில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்றும் இருந்தது.

பிரஷாந்தி மடிக்கணினியை மூடினாள். கூரைத்தகடு அடியில் சுட்டது. சிறிது நேரம் அவளுக்கு அது உறைக்கவில்லை.

தான்தான் ஏதோ பிழை விட்டிருக்கவேண்டும் என்று நினைத்து, இன்னொரு புதுப் பெட்டியை ஏற்றிப் பார்த்தாள். அதுவும் அப்படியே பிடித்தது. அடுத்த நாள் மண்முனைத் துறையில் பாதை எனப்படும் மிதவையில் ஏறி வாவியைக் கடந்தாள். மோட்டார் சைக்கிள்களையும் நெல் மூட்டைகளையும் சுமந்துகொண்டு அந்த மிதவை அசைந்து அசைந்து போய்ச் சேர்ந்தது. கொக்கட்டிச்சோலைப் பெட்டியில் கடவுச்சொல்லை மாற்றிவிட்டுத் திரும்பி வந்து பார்த்தாள். ஒன்றும் மாறவில்லை. அப்போதுதான் விளங்கியது. பெட்டி கடவுச்சொல்லைக் கேட்கும், வாங்கும், புள்ளி புள்ளியாகக் காட்டும், அதன் பிறகு அதைத் தொடவே தொடாது. பூட்டைத் திறக்கும் சாவியை, உண்மையான திறப்பை, தொழிற்சாலையிலேயே உள்ளே எழுதி வைத்துவிட்டார்கள். செய்த பெட்டி அத்தனைக்கும் அதே திறப்பு. அதை மாற்ற ஒருவராலும் முடியாது. இதே பெட்டி ஒன்றை வாங்கி வாவிக்கரையில் வைத்திருக்கிற எவனும், கண்ணகை சொன்னதைக் கதிரை போட்டு உட்கார்ந்து வாசிக்கலாம்.

அலுவலகப் பொறுப்பாளர் சுதாகரன் கெட்ட மனிதர் அல்ல. சுனாமிக் காலத்தில் மூன்று மாதம் வீட்டுக்குப் போகாமல் முகாமிலேயே கிடந்தவர். அவரிடம் பிரஷாந்தி அரை மணித்தியாலம் விளங்கப்படுத்தினாள். அவர் தலையாட்டிக் கேட்டார். கேட்டுவிட்டு, பாஸ்வேட்டை இன்னும் நீளமாக வைத்தால் என்ன என்றார்.

பெட்டி செய்த நிறுவனத்துக்கு எழுதினாள். ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது. தங்கள் பொருளைத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றி, கடவுச்சொல்லை அடிக்கடி மாற்றுங்கள், இந்த வகைப் பெட்டியின் உற்பத்தி நிறுத்தப்பட்டுவிட்டது, புதிய வகையில் இந்தப் பிரச்சினை இல்லை. பழைய வகையை என்ன செய்வது என்று அதில் ஒரு வரியும் இல்லை. அவள் திரும்ப எழுதினாள். அதே கடிதம் திகதி மாறி வந்தது.

காத்தான்குடியில் கணினிக்கடை வைத்திருந்த அஸாமிடம் போனாள். அவளுக்கு ஐந்து வருஷப் பழக்கம். அந்த வெள்ளைப் பெட்டி அவனது கண்ணாடி அலுமாரிக்குள்ளேயே இருந்தது. போன மாதம் இரண்டு போனதாகச் சொன்னான். யார் வாங்கியது என்று கேட்டாள். அஸாம் வாசலைப் பார்த்தான்.

"தங்கச்சி, வந்தாக்கள் பேர் சொல்லல்ல. நான் கேக்கவும் இல்ல. இப்ப இரிக்கிற நிலவரத்தில ஆரு கேப்பாங்க?"

அலுமாரியிலிருந்த பெட்டியைத் தானாகவே எடுத்து அவள் கையில் தந்தான். காரியம் முடிந்ததும் திருப்பித் தந்தால் போதும் என்றான்.

அந்தப் பெட்டியோடு அவள் சுதாகரனின் அறைக்குப் போனாள். கடை முத்திரை கிழியாத பெட்டி. அவர் கண்முன்னாலேயே முத்திரையை உடைத்து, ஜன்னலோரம் வைத்து, மடிக்கணினியில் மாட்டினாள். சற்று நேரத்தில் அலுவலகக் கடிதங்கள் திரையில் ஓடத் தொடங்கின. அவர் பத்து நிமிஷத்துக்கு முன் கொழும்புத் தலைமையகத்துக்கு அனுப்பி, மெதுவான இணைப்பில் இன்னும் போய்க்கொண்டிருந்த கடிதமும் அதில் வந்தது. மட்டக்களப்பிலிருந்து தன்னை மாற்றும்படி கேட்டு எழுதியிருந்தார். அவள் முதல் இரண்டு வரியை வாசித்துவிட்டு நிறுத்தினாள். இனியாவது இவருக்குப் பயம் வரும் என்று நம்பினாள்.

சுதாகரனின் முகம் இறுகியது. "அப்ப என்ட கடிதங்கள நீங்க வாசிச்சிற்று இரிக்கிறீங்க."

"சேர், நான் வாசிக்கிறது இல்ல பிரச்சின. ஆரும் வாசிக்கலாம் எண்டதுதான்..."

"வேற ஆரும் வாசிக்கல்லையே. நீங்கதானே வாசிக்கிறீங்க."

அடுத்த நாள் எச்சரிக்கைக் கடிதம் அவள் மேசையில் கிடந்தது. உயரதிகாரியின் தனிப்பட்ட தொடர்பாடலில் தலையிட்டமை. நிறுவனத்தின் தொழில்நுட்ப விடயங்களை வெளியாருடன் பேசக்கூடாது என்றும் அதில் இருந்தது. அவள் மலசலகூடத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஆத்திரத்தில் அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து கொழும்புக்கு ஒரு கடிதம் எழுதினாள். பெட்டியை மாற்ற முடியாவிட்டால், அனுப்பும் கோப்புகளையாவது கணினியிலேயே பூட்டி அனுப்பலாம், அதற்கொரு இலவச மென்பொருள் இருக்கிறது, அனுமதி தாருங்கள் என்று கேட்டாள். அனுமதிக்கப்பட்ட மென்பொருட்களின் பட்டியலில் அது இல்லை என்று பதில் வந்தது. பட்டியல் அடுத்த ஆண்டு மீளாய்வு செய்யப்படுமாம்.

அதற்கிடையில் ஆனி மாதம் வந்துவிட்டது.

ஒரு காலையில் கண்ணகை கொக்கட்டிச்சோலைக் கிளைக்கு வந்து, தன் முறைப்பாட்டைத் திருப்பித் தரும்படி கேட்டாள். உட்காரவில்லை. இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்களாம். அவள் அடையாளம் சொன்னவனின் பட்டப்பெயரைச் சொல்லி, "நீ அவனப் பத்தி எழுதிக் குடுத்திரிக்காய்" என்றார்களாம். இளைய மகள் எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள் என்றும் கேட்டுவிட்டுப் போனார்களாம். அந்தப் பட்டப்பெயரைக் கண்ணகை உலகத்தில் ஒரே ஒரு ஆளிடம்தான் சொன்னாள். தனுஷியாவிடம். முன்கூடத்தில் காத்திருந்த பெண்களுக்கு முன்னால் அவளைப் பார்த்துக் கண்ணகை கத்தவில்லை. ஏசவில்லை. "உன்ன நம்பித்தானே சொன்னன்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். மற்றப் பெண்களும் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

கொழும்புத் தலைமையகத்திலிருந்து ஒரு விசாரணை அதிகாரி வந்தார். தனுஷியாவை விசாரித்தார், அவள் அண்ணன் யாருடன் பழகுகிறான் என்று கேட்டார். பிரஷாந்தி தானாகவே போய்ச் சாட்சி சொன்னாள். பெட்டியைக் காட்டினாள். இதே பெட்டிகள் கடையில் விற்பதையும் சொன்னாள். அதிகாரி பொறுமையாகக் கேட்டு, ஒரேயொரு கேள்வி கேட்டார். இந்த வழியால்தான் தகவல் போனது என்று அவளால் நிரூபிக்க முடியுமா? முடியாது. காற்றில் போவதை ஒருவன் அள்ளிக்கொண்டு போனால் அதற்குத் தடயம் ஏது? திறந்த கதவைக் காட்டலாம். நுழைந்தவனைக் காட்ட அவளுக்கு வழியில்லை.

அறிக்கையில் தனுஷியா குற்றவாளி என்று எழுதவில்லை. அவளது ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை, அவ்வளவுதான். பெட்டிகளைப் பற்றி, நன்கொடையாளரின் சொத்து என்பதால் திட்டம் முடியும்வரை பயன்படுத்தப்படும் என்று ஒரு வரி இருந்தது.

தனுஷியா தன் பொருட்களைக் கட்டிக்கொண்டு போன அன்று, பிரஷாந்தி பாதை ஏறி கொக்கட்டிச்சோலைக்குப் போய்க் கூரையில் ஏறினாள். பெட்டியின் மின்வயரைப் பிடுங்கி, உள்ளே போகும் நுனியை ஒட்ட நறுக்கினாள். மின்னல் அடித்துவிட்டது என்று அறிக்கை எழுதினாள். அன்று வானத்தில் ஒரு முகிலும் இல்லை. ஒருவரும் கேட்கவில்லை. அதன் பிறகு அந்தக் கிளையின் கோப்புகளை, தனக்குத் தெரிந்த மென்பொருளால் பூட்டி, கிழமைக்கு இரண்டு தடவை தானே கைப்பையில் வைத்து வாவி தாண்டிக் கொண்டுவந்தாள். பட்டியல், அனுமதி எதையும் பார்க்கவில்லை. இப்படி ஒரு வருஷம் போனது. ஆனால் கண்ணகையிடம் போய் உண்மையைச் சொல்ல அவளுக்குத் துணிவு வரவில்லை. எச்சரிக்கைக் கடிதத்தைக் காரணமாக வைத்துக்கொண்டாள். அந்தக் கோழைத்தனம், சுதாகரனைவிடவும் கொழும்பைவிடவும் அவளை அதிகமாக அரித்தது.

2009 வைகாசியில் யுத்தம் முடிந்தது. சில மாதங்களில் நிறுவனம் மூட்டை கட்டத் தொடங்கியது. மிஞ்சிய பெட்டிகளைப் பாடசாலைகளுக்கும் ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்கும் கொடுப்பதென்று முடிவானது. கையளிப்புப் பத்திரத்தில் பிரஷாந்தி ஒப்பமிட வேண்டும். "இந்தப் பெட்டிகளின் வழியே அனுப்புவதைப் பிறர் வாசிக்க முடியும்" என்று கீழே எழுதி ஒப்பமிட்டாள். சுதாகரன் அதை வாசித்தார். அவருக்கு இன்னமும் இடமாற்றம் கிடைத்திருக்கவில்லை. களைத்த குரலில், கையளிப்பு விழா நாளில் இது எதற்கு என்றார். புதுப் பத்திரம் அச்சடித்து, அவள் இடத்தில் தானே ஒப்பமிட்டார்.

அன்று மத்தியானமே அவள் வேலையை விட்டாள். நேரே கண்ணகை வீட்டுக்குப் போனாள்.

கண்ணகை முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நிதுர்ஷனைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. பிரஷாந்தி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பெட்டி, திறப்பு, தான் பொருத்தியது, பூட்டித்தான் போகிறது என்று தனுஷியாவுக்குத் தான் சொன்னது எல்லாம். இப்படித்தான் போனது என்று தன்னால் நிரூபிக்க முடியாது என்பதையும் மறைக்கவில்லை. சொல்லச் சொல்ல, தான் மன்னிப்புக் கேட்கிறாளா, இல்லை சுமையை இறக்கி வைக்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

கண்ணகை நெல்லைத் துழாவுவதை நிறுத்தவில்லை.

"ஒரு வருசமா அந்தப் புள்ளய நினைச்சு நினைச்சுச் சாபம் போட்டிரிக்கன். கோயில்லயும் போய்ச் சொன்னனான்."

"அவ ஒரு ஆளுக்கும் சொல்லல்ல, அம்மா."

"நீ ஏன் இவ்வளவு நாளும் வரல்ல?"

பிரஷாந்தி குனிந்து, காலடியில் சிதறிய நெல்லைக் கையால் ஒதுக்கினாள். கண்ணகையும் இரண்டாவது தரம் கேட்கவில்லை. நெல்லைக் கூட்டிக் குவித்து, சாக்கால் மூடி, காகம் வராமல் பார்க்கும்படி மகளிடம் சொன்னாள். சேலையை மாற்றிக்கொண்டு வெளியே வந்தாள்.

"அவட வீடு உனக்குத் தெரியுமா? கூட்டிற்றுப் போ."

இருவரும் பாதை ஏறினார்கள். வாவி முழுக்க வெயில். மறுகரையில் பஸ் பிடித்து செட்டிபாளையத்தில் இறங்கினார்கள். தனுஷியா அப்போது ஒரு பாலர் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். வீட்டு வாசலில் கண்ணகையைக் கண்டதும் அவள் பின்னால் ஒரு அடி எடுத்து வைத்தாள். கண்ணகை போய் அவளது இரண்டு கையையும் பிடித்தாள்.

"நீ சொல்லல்லயாம். இப்பதான் எனக்குத் தெரியும், மகள்."

தனுஷியா அழுதாள். அழுது முடிந்தபின் கண்ணகைக்குத் தேத்தண்ணி கொடுத்தாள். பிரஷாந்திக்கும் கொடுத்தாள், ஆனால் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பிரஷாந்தி அதை வாங்கிக் குடித்தாள். இவ்வளவாவது கிடைத்ததே என்று நினைத்தாள்.

முறைப்பாட்டைத் திரும்ப எழுதவேண்டும் என்று கண்ணகை சொன்னாள். பயமில்லையா என்று தனுஷியா கேட்டாள். பயம்தான், எழுது என்றாள். தனுஷியா பாலர் பாடசாலைக் கொப்பியிலிருந்து நான்கு தாள்களைக் கிழித்து, தமிழில், கையால் எழுதினாள். எழுதி முடிக்க இரண்டு மணித்தியாலம் எடுத்தது. கண்ணகை அதை நான்காக மடித்து, ஒருவரிடமும் கொடுக்காமல், தானே கொழும்புக்கு பஸ் ஏறி, காணாமற்போனோர் பற்றிய முறைப்பாடுகளை ஏற்கும் ஒரு அலுவலகத்தில் கையால் கொடுத்துவிட்டு வந்தாள். கிடைத்தது என்று ஒரு துண்டு தந்தார்கள். அதற்குமேல் பதில் வரவில்லை.

பிரஷாந்தி அடுத்த கிழமை, பெட்டிகள் போன பாடசாலை ஒன்றுக்குப் போய் அதிபரைக் கண்டாள். அவர் அவளைக் கூரைக்குக் கூட்டிப்போய், பச்சை விளக்கு எரிவதைப் பெருமையோடு காட்டினார். அவள் முதலிலிருந்து விளங்கப்படுத்தத் தொடங்கினாள். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.