மூட்டைதூக்கியும் இரண்டாம் பாகமும்

"மீதி அடுத்த பாகத்தில்" என்று என் மனைவி, கலங்கரை விளக்கத்துக்குப் போகிற வழியிலேயே, தன் பயண வலைப்பூவில் எழுதி அரை வருஷத்துக்கு மேலாகிறது. அந்த மீதி முந்தாநாள் வரைக்கும் வந்தபாடில்லை. போய்ச் சேர்ந்தீர்களா, மேலே ஏற விடுகிறார்களா என்று ஜனங்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அண்ணன் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து தினமும் காலையில் அதைத் திறந்து பார்க்கிற பைத்தியக்காரன் ஒருவன் உண்டு. நான்தான்.

நான் லிஃப்ட் மெக்கானிக். நாளெல்லாம் மேலும் கீழும் போய் வருகிறவனுக்கு ஊர் சுற்றும் ஆசை எதற்கு? ஆசையெல்லாம் அவளுக்கு. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நாள் முழுக்க ஊசி குத்திவிட்டு வருவாள், வந்ததும் வராததுமாக எழுத உட்கார்ந்துவிடுவாள். மூன்று நாள் பயணத்தை எழுதி முடிக்க மூன்று மாதம். பஸ் நேரம் சரியா, படம் தெளிவா என்று உயிரை விடுவாள். அதிலெல்லாம் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவள் படம் எடுத்துக்கொண்டே முன்னால் போக, நான் பைகளோடு பின்னால் போவேன். அதனால் வலைப்பூவில் எனக்கு மூட்டைதூக்கி என்று பெயர் வைத்தாள். மூட்டைதூக்கி பஸ்ஸில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினார் என்று எழுதினால் போதும், படிக்கிறவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அந்தப் பெயர் வேண்டாமே என்று இரண்டொரு தடவை சொல்லிப் பார்த்தேன். காதில் வாங்கினால்தானே.

கலங்கரை விளக்கத்துக்குப் பஸ் மாறுகிற நிலையத்தில் ஒரு குடும்பம் எங்களை அடையாளம் கண்டுகொண்டது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கேமரா பையை என் தோளில் மாட்டிவிட்டு அவர்களோடு படத்துக்கு நின்றாள். அந்த வீட்டுப் பெரியவர் தன் பெட்டியையும் என் கையில் திணித்து, "நீங்கதான் மூட்டைதூக்கியாச்சே, கொஞ்சம் பிடிங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

பெட்டியைக் கீழே வைத்தேன். எங்கள் பைகளையும் இறக்கி வைத்தேன். திரும்பிப் போகிற பஸ் ஒன்று கிளம்பிக்கொண்டிருந்தது, ஏறிவிட்டேன். கேமரா என் தோளிலேயே தொங்கியதைப் பாதி வழியில்தான் கவனித்தேன்.

நேராக அண்ணன் ஊருக்கு வந்தேன். இங்கேயே ஒரு வேலையும் கிடைத்தது. அவள் கூப்பிடட்டும் என்று நான் இருக்க, அவளும் வீம்பு பிடித்தாள். கேமராவைக்கூடக் கேட்கவில்லை. கேமரா ரிப்பேர் என்று வாசகர்களிடம் புளுகியிருந்தாள். கேமராவைக் கேட்டால் என்னையே கூப்பிட்டதாக ஆகிவிடும் என்று நினைத்திருப்பாள். நானோ வாராவாரம் அதற்குச் சார்ஜ் போட்டு வைத்தேன். அண்ணி பார்த்துவிட்டு, "பொண்டாட்டிக்குப் போன் போட மாட்டீங்க, கேமராவுக்கு மட்டும் சார்ஜ் போடுவீங்க" என்றார். அவளுக்கு எழுதவும் வரவில்லை, எனக்குப் போகவும் வரவில்லை. இப்படியே பழகிப்போய்விடுமோ என்று பயந்தேன்.

நேற்றுக் காலை இரண்டாம் பாகம் வந்திருந்தது. ஒரு படம்கூட இல்லை. என்னை என்ன கிழி கிழித்திருக்கிறாளோ என்று பயந்துகொண்டுதான் படித்தேன்.

"கலங்கரை விளக்கத்தை நாங்கள் பார்க்கவில்லை. நான் மூட்டைதூக்கி என்று கேலி செய்தவர் என் கணவர். வேண்டாம் என்றார், நான் கேட்கவில்லை. அன்று பைகளை நானே தூக்கிக்கொண்டு வீடு வந்தேன். பஸ் நிலையத்தைத் தாண்டுவதற்குள் கை விட்டுப்போயிற்று. கனக்கிறது என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை."

அவ்வளவுதான் எழுதியிருந்தாள். பழைய பதிவுகளைத் திறந்து பார்த்தேன். ஒன்று விடாமல் அந்தப் பெயரை எடுத்துவிட்டிருந்தாள். அத்தனை ஜோக்கும் சப்பென்று ஆகியிருந்தது. உண்மையைச் சொன்னால், வாயைப் பிளந்து தூங்கிய இடத்தில் மட்டும் அந்தப் பெயரை விட்டுவைத்திருக்கலாம். கண் கலங்கிவிட்டது, எனக்கென்ன வெட்கம்.

போன் போட்டேன்.

"படமே இல்லாம போட்டிருக்கே" என்றேன்.

"கேமரா உங்ககிட்டல்ல இருக்கு."

"சார்ஜ் போட்டு வெச்சிருக்கேன். நாளைக்கே எடுத்துட்டு வரேன்."

மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"வேணாம். நானே வரேன்" என்றாள். "உங்க துணிமணி, டூல்ஸ் பையெல்லாம் இருக்குமில்ல. நான் தூக்கிக்கறேன்."