இடக்கை முடிச்சு

திங்கட்கிழமை காலை ஆறு பத்து. ஆழ்வார்திருநகரிக்கு வெளியே, தாமிரபரணிப் பாலத்தின் நடுவில் ஒரு பைக் நின்றது. இறங்கியவன் முன்னும் பின்னும் பார்த்தான். எதிரே வந்த சைக்கிள்காரர் கடந்து போகும்வரை, யாரும் கூப்பிடாத செல்போனைக் காதில் வைத்துத் தலையாட்டிக்கொண்டிருந்தான். பிறகு பெட்ரோல் டேங்கின் மேலிருந்த கறுப்புப் பையை எடுத்தான். அதன் வாயை முறுக்கி, இரண்டு சுற்று சுற்றி, நுனியை உள்ளே விட்டு ஓர் இழுப்பு. முடிச்சு விழுந்தது.

அடுத்த நொடி பையும் ஆற்றில் விழுந்தது.

பையில் கத்தியும் இல்லை, கள்ளநோட்டும் இல்லை. ஒரு பெண் குழந்தை முந்தின நாள் முழுக்கப் போட்டுக் கழற்றிய ஒன்பது டயாப்பர்கள் இருந்தன. குழந்தைக்கு வயது இருபத்துமூன்று நாள். எறிந்தவன் அதன் அப்பா பெனிட்டோ.

பாளையங்கோட்டையில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா அவன். தடயம், சாட்சி, குறுக்கு விசாரணை என்று பத்து வருடமாக டைப் அடித்தவன். அதனால் தடயமில்லாமல் காரியம் முடிப்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைத்திருந்தான். டயாப்பரைத் தெருவுக்கு வரும் குப்பை வண்டியில் போட்டிருக்கலாம். ஆனால் வண்டி தள்ளிவரும் ஆறுமுகத்தாய் முதல் வாரமே தெருவுக்குக் கேட்கிற குரலில் கேட்டுவிட்டாள்: "சாரு, பீத்துணிய காய்கறித் தோலோட கலந்து போட்டா நான் கையாலயா பெறக்க? பேப்பர்ல சுத்தித் தனியாத் தாரும்."

எதிர்வீட்டு மாடியில் யாரோ சிரித்தார்கள். அன்றிலிருந்து பெனிட்டோ பாலத்துக்குப் போனான். ஆற்றில் போட்டால் போய்விடும். ஆறு கேள்வி கேட்காது.

வீட்டுக்குள் நுழைந்தபோது மனைவி அஞ்சலின் குழந்தையை மடியில் கிடத்தியிருந்தாள். பள்ளிக்கூட ஆசிரியை, பிரசவ விடுப்பில் இருந்தாலும் விசாரணையை விடாதவள்.

"எங்க போயிருந்தீங்க?"

"பால் வாங்க."

"பால் எங்க?"

பெனிட்டோ தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டான். அன்றைக்கும் கடுங்காப்பிதான்.

"அதை விடுங்க, இங்கன வந்து பாருங்க. தொடையிடுக்கு ரெண்டும் சூடுபட்ட மாதிரி செவந்திருக்கு. ஈரத்தோட விடாதீங்க, காத்துப் படட்டும்னு டாக்டரம்மா சொன்னாங்கல்லா? இனிமே இந்தப் பேப்பர் டயாப்பர் வேண்டாம். துணி டயாப்பர் வாங்கிட்டு வாங்க. பச்சப்பிள்ளை சைசு. உடம்போட ஒட்டி, ஒல்லியா இருக்கணும். ஞாயித்துக்கிழமை அந்தக் கவுனுக்குள்ள அடங்கணும்லா."

அந்தக் கவுன் லேசுப்பட்டதில்லை. வெள்ளை சாட்டின், முதுகில் ஐந்து பொத்தான். அஞ்சலினுக்கும் அவள் அண்ணன் அருளப்பனுக்கும் ஞானஸ்நானம் நடந்தது அதே கவுனில்தான். வருகிற ஞாயிறு புன்னக்காயல் கோவிலில் இந்தக் குழந்தைக்கு. குழந்தையைக் கையில் ஏந்தப்போகும் ஞானத்தகப்பன் அருளப்பன். ஆறு கடலில் கலக்கிற இடத்தில் படகு வைத்து மீன்பிடிக்கிறவர்.

நினைத்த நேரத்தில் அவரே போனில் வந்தார். அஞ்சலின் ஸ்பீக்கரில் போட்டாள்.

"தங்கச்சி, மாப்பிள்ளை பக்கத்துல இருக்காரா? கேக்கட்டும். அவரு கோர்ட்டு விவகாரம் தெரிஞ்சவரு. அணையில தண்ணி தொறந்துவிட்டதுலேர்ந்து வலையில மீனு கொறச்சலு, கறுப்புப் பை கூடுதலு. முள்ளுல மாட்டிக் கெடந்ததெல்லாம் மொத்தமா வருது. கிழிச்சுப் பாத்தா பிள்ளைக போட்ட பேம்பரு. ஊறி ஒவ்வொண்ணும் தலகாணி கணக்கா இருக்கு. ஒரு வலை கிழிஞ்சே போச்சு. நேத்தோட பதினோரு பை."

"யாருண்ணே அவன், மனுசனா?"

"அதைத்தான் பிடிக்கப்போறேன். பதினோரு பையிலயும் ஒரே முடிச்சு. நாம வலைக்குப் போடுத முடிச்சு. டவுன்காரன் கைக்கு வராது, கட்டினவன் நம்ம கடக்கரைக்காரன். அதுலயும் எல்லா முடிச்சும் எடப்பக்கம் திரும்பியிருக்கு. ஆளு எடக்கையன்."

பெனிட்டோ காப்பித் தம்ளரைப் பைய இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாற்றினான்.

"பதினொண்ணையும் வெட்டி எடுத்து வச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை விருந்துக்கு ஊரே வரும். எல்லாத்துக்கும் முன்னால மேசையில பரப்புதேன். எவன் முழிக்கான்னு பாப்போம். மாப்பிள்ளை, இது சாட்சி ஆகுமா?"

"ஆகும் மச்சான்," என்றான் பெனிட்டோ. கடுங்காப்பி மூக்கில் ஏறியது.

அவனும் புன்னக்காயல் மீனவர் வீட்டுப் பிள்ளைதான். வலையை விட்டுப் பேனாவைப் பிடித்துப் பத்து வருடமாகியும் கை மட்டும் பழைய முடிச்சையே போட்டுக்கொண்டிருந்தது. அவனுக்கே அது தெரியவில்லை.

மத்தியானம் பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம், குழந்தைச் சாமான் கடை. கடைக்காரர் சல்மான் ஃபாரிஸ் முதலில் கேட்டது எடையைத்தான்.

"பிள்ளை எத்தன கிலோ அண்ணாச்சி?"

"மூணு கிலோ நானூறு."

அவர் எடுத்துப் போட்டது உள்ளங்கையில் அடங்கியது. பெனிட்டோ அதைச் சந்தேகக் கண்ணோடு திருப்பிப் பார்த்தான். "இம்புட்டுதானா? ரெண்டு மாசத்துல பத்தாமப் போயிருமே. வளர்ற பிள்ளைவே. பெருசாத் தாரும்."

"சட்டைன்னா கையை மடிச்சு விடலாம். இதை எங்க மடிப்பீங்க?"

பெனிட்டோ கேட்கவில்லை. அவன் வளர்ந்த விதம் அப்படி. ஒன்றாம் வகுப்பில் முழங்கால்வரை தொங்கிய சட்டை, நுனியில் துணி அடைத்த ஷூ, மூன்றாம் வகுப்பில் புதுநன்மைச் சடங்குக்குத் தைத்து ஒன்பதாம் வகுப்பில் அளவு சரியான கோட்டு. மெத்தென்று, தடியாக, யானைப் படம் போட்டதாக ஆறு பெரிய டயாப்பர்களைத் தேர்ந்தெடுத்தான். தடிமனாக இருந்தால் நிறையத் தாங்கும் என்பது அவன் கணக்கு.

சாயங்காலம் அது குழந்தைக்கு ஏறியது. கால்கள் இரண்டும் ஆளுக்கொரு திசையில் தவளை மாதிரி விரிந்து நின்றன.

"உங்க மக யானை மேல ஊர்வலம் போறா," என்றாள் அஞ்சலின்.

தொடைக்கும் எலாஸ்டிக்குக்கும் நடுவில் பெனிட்டோவின் நாலு விரலும் தாராளமாக நுழைந்தன. விரல் நுழைகிற வழியில் வேறு எதுவும் வெளியே வரலாம் என்பது பத்தாவது நிமிடம் அவன் மடி சூடானபோது விளங்கியது. கவுனைப் போட்டுப் பார்த்தார்கள். ஐந்து பொத்தானில் மூன்று சேர மறுத்தன. குழந்தை அழ ஆரம்பித்தது.

"வளர்ற பிள்ளைன்னு நெனச்சு..."

"வளரட்டும். இன்னைக்கு மூத்திரம் போறது இன்னைக்கு இருக்க பிள்ளைதான? அதுக்கு வாங்குங்க."

பெனிட்டோ தையல் பெட்டியிலிருந்து ஒரு நூலை எடுத்தான். வலைக் கண்ணை அளக்கிறபோது செய்வதுபோல, குழந்தையின் தொடையைச் சுற்றி அளந்து ஒரு முடிச்சு. தொப்புளுக்குக் கீழே வயிற்றைச் சுற்றி அளந்து இன்னொன்று. அளக்கும்போது சிவந்த தோலில் அவன் விரல் பட, குழந்தை வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டது. பெனிட்டோ சட்டென்று கையை எடுத்தான். இரண்டு வாரமாகப் பைகளைத் தூக்கி எறிந்தவன், பைக்குள் போனது எந்த உடம்பைச் சுற்றியிருந்தது என்று இவ்வளவு பக்கத்தில் பார்த்தது அன்றுதான் முதல்முறை.

மறுநாள் சல்மான் ஃபாரிஸ் அந்த நூலைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இப்பத்தான் அண்ணாச்சி நீங்க அப்பா."

ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினார். "தொடைமடிப்புல எலாஸ்டிக்கு ஜட்டி மாதிரி உக்காரணும். இடைவெளியும் இருக்கப்படாது, அழுத்தித் தடமும் விழப்படாது. வயித்துப் பக்கம் ரெண்டு விரலு போகணும். முன்பக்கத்துப் பொத்தானைக் கீழ இறக்கிப் போட்டா தொப்புள்ல உரசாது. உள்ள வைக்கிற பருத்தித் துணி ஒல்லியா இருக்கேன்னு பாக்காதீங்க, நல்லா உறிஞ்சும். உங்க கன்னத்துல தேச்சுப் பாருங்க. உங்களுக்கு உறுத்தினா பிள்ளைக்கும் உறுத்தும்."

பெனிட்டோ கடையின் நடுவில் நின்று, நாலு நாள் தாடியில் டயாப்பரைத் தேய்த்துப் பார்த்தான். பொம்மை வாங்க வந்த இரண்டு பெண்கள் நகர்ந்து நின்றார்கள்.

"புதுத்துணி தண்ணி குடிக்காது. நாலஞ்சு தடவ அலசி, வெயில்ல காயப்போட்டு மாட்டுங்க. வாசனைத் தண்ணி எதுலயும் முக்காதீங்க. ரெண்டு மூணு மணிக்கு ஒருக்கா மாத்திரணும். அதை மறந்தா எந்தத் துணியும் உதவாது."

இரண்டு டசன் சிறிய டயாப்பர்கள் வீட்டுக்கு வந்தன. யானைகள் பின்னால் உதவும் என்று அலமாரியில் ஏறின. துவைப்பது பெனிட்டோவின் வேலை என்று அவனே சொன்னான். அஞ்சலின் அவன் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தாள். வெள்ளிக்கிழமை குழந்தையின் தொடையில் சிவப்பு மங்கிவிட்டது. சனிக்கிழமை தேடினால்தான் தெரிந்தது. பாலத்தில் பைக் நிற்கவில்லை.

ஆனால் அந்தப் பதினொன்று? அதுதான் பெனிட்டோவைத் தூங்கவிடவில்லை. ஷூ நாடாவை வலக்கையால் கட்டிப் பழகினான்.

சனிக்கிழமை சாயங்காலம் அருளப்பன் காரோடு வந்தார், தங்கையைக் கூட்டிப்போக. பெனிட்டோ மாடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தான். தொட்டில் கம்பியில் தொங்கிய நூலை அருளப்பன் இழுத்துப் பார்த்தார்.

"இது என்னது?"

"பாப்பா தொடைய அவங்க அளந்து முடிச்சுப் போட்ட நூலுண்ணே. அளவெடுத்துல்லா டயாப்பர் வாங்கினாங்க," என்றாள் அஞ்சலின் பெருமையாக.

அருளப்பன் முடிச்சை வெளிச்சத்தில் பிடித்தார். கட்டைவிரலால் ஒருமுறை உருட்டினார். நூலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "கெளம்புவோம்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை. புன்னக்காயல். ஐந்து பொத்தானும் பூட்டிய கவுனில் குழந்தை சாமியாரின் கையிலிருந்த தண்ணீரை வாங்கிக்கொண்டு மரிய ஸ்னேகா ஆனாள். அழவில்லை. கால்கள் இரண்டும் நேராக நீட்டியிருந்தன. விருந்துப் பந்தலில் ஞானத்தகப்பன் மடியில் அரைமணி நேரம் கிடந்து, தன் காரியத்தையும் முடித்துக்கொண்டாள். அவர் பட்டுவேட்டியில் ஒரு சொட்டு இல்லை.

சாப்பாடு முடிந்தது. அருளப்பன் குழந்தையை அஞ்சலினிடம் கொடுத்துவிட்டு, மேசையில் ஒரு செய்தித்தாளை விரித்தார். பதினோரு கறுப்பு முடிச்சுகளை வரிசையாக வைத்தார். கூட்டம் நெருங்கியது.

"நம்ம ஊர்க் கை. எடக்கையன். யாருன்னு யாருக்காவது தெரியுமா?"

பெனிட்டோவின் குமாஸ்தா மூளை வேலை செய்தது. நேரில் கண்ட சாட்சி இல்லை. ஊரில் இடக்கைக்காரர்கள் ஆறேழு பேராவது உண்டு. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், வழக்கு நிற்காது. அப்போதுதான் பந்தலுக்கு அப்பால், மணலில் விரித்திருந்த வலையைப் பார்த்தான். ஓர் ஆள் நுழைகிற அளவுக்குக் கிழிந்திருந்தது. வலைக் கண்களில் வெள்ளை வெள்ளையாக டயாப்பர்ப் பஞ்சு. அதைப் பிடுங்கிப் பிடுங்கித்தான் அருளப்பனின் விரல் நுனியெல்லாம் கீறல். அந்த விரல்கள்தான் அரைமணி நேரம் அவன் மகளைப் பிடித்திருந்தன.

பெனிட்டோ எழுந்தான்.

"நான்தான் மச்சான்."

அஞ்சலின் குழந்தையோடு திரும்பினாள். "அப்ப பால் வாங்கப் போனது?"

"பாலுக்குப் போகல."

"அதான் ரெண்டு வாரமா கடுங்காப்பி," என்றாள் அவள். சிரிக்கவில்லை.

"குப்பை வண்டியில தனியாச் சுத்திக் குடுக்க வெக்கப்பட்டேன்," என்றான் பெனிட்டோ. "ஆத்துல போட்டா போயிரும்னு நெனச்சேன். எங்கயும் போகல, மச்சான் வலைக்குத்தான் வந்திருக்கு. நாம வேண்டாம்னு எறியிற எல்லாமே இன்னொருத்தர் கைக்குத்தான் போகுது. எம் பிள்ளைக்கு உறுத்தப்படாதுன்னு நூல் வச்சு அளந்தேன். மத்தவங்களுக்கு உறுத்துமான்னு ஒருநாளும் நெனைக்கல. மன்னிச்சிரும்."

அருளப்பன் சட்டைப்பையிலிருந்து நூலை எடுத்துப் பதினோரு முடிச்சுகளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"நேத்தே தெரியும்வே. நீரா சொல்லுதீரான்னுதான் பாத்தேன். சொல்லாட்டாலும் நான் வாயத் தொறந்திருக்க மாட்டேன், தங்கச்சி வீட்டுக்காரரு. ஆனா இந்த சென்மத்துல உம்மகிட்ட பேச்சு வார்த்த இருந்திருக்காது." பிறகு மீசைக்குள் ஏதோ அசைந்தது. "அடுத்த நாலு ஞாயித்துக்கிழமை இங்கன வாரும். கிழிஞ்ச வலையத் தைக்க ஆளு வேணும். எடக்கையா இருந்தாலும் பரவாயில்ல."

பந்தல் முழுக்கச் சிரித்தது. கடைசியில் அஞ்சலினும் சிரித்தாள். பிறகு குழந்தையின் கவுனைத் தூக்கி, கனத்திருந்த டயாப்பரைக் கழற்றி, அத்தனை பேருக்கும் முன்னால் அதைக் கணவனிடம் நீட்டினாள். பெனிட்டோ இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றான்.

"ஆத்துப் பக்கம் திரும்பிராதீங்க," என்றாள் அவள். "வாளி அங்கன இருக்கு."