நேரலை முடிந்த பிறகு

வல்லரசு அதைச் சொன்னபோது ஆயிரக்கணக்கானோர் நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உனக்கு வீட்ல பேச ஆளில்ல. அதான் கேமராகிட்டப் பேசிக்கினு கெடக்கிற."

ஜெசிந்தா திண்டிவனத்தில், அவள் தனியாகக் குடியிருக்கும் மாடி அறையில், துணிக்கொடியை மறைத்துக் கட்டிய நீலத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவன் விழுப்புரத்தில், தான் வேலை பார்க்கும் சேனலின் பளபளப்பான அரங்கில். ஏரிக்கரையை வெட்டிச் சாலை போடலாமா என்பதுதான் விவாதம். ஒரு காலத்தில் இருவரும் லோக்கல் கேபிளில் சேர்ந்து செய்தி வாசித்தவர்கள். ஒரே டப்பாவில் புளிசாதம் பங்கிட்டுத் தின்றவர்கள். அப்போதும் வா, போ என்றுதான் கூப்பிடுவான். இன்றைக்கு அந்த 'நீ' ஊர் பார்க்கக் கன்னத்தில் விழுந்தது.

அவளிடம் பதில் இருந்தது. போன சித்திரையில் அவன் மனைவி கவிதா அவனைவிட்டுக் கிளம்பி, தாய்வீட்டுக்குப் போகுமுன் இதே அறையில்தான் வந்து படுத்திருந்தாள். ஊருக்கெல்லாம் வாய் கிழியப் பேசுகிறவன் தன்னோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதாள். அதைச் சொன்னால் போதும், அவன் வாய் அடைத்துவிடும். நாக்கு நுனிவரை வந்ததை ஜெசிந்தா எச்சிலோடு விழுங்கினாள்.

"ஏரியைப் பத்திச் சொல்லுங்க. கரையை வெட்டினா கீழ்க்கழனிக்குத் தண்ணி எப்படிங்க போவும்?"

அவன் சிரித்தான். அவளுக்குச் சொல்லப் பதிலில்லை என்று பார்த்தவர்களுக்கும் பட்டிருக்கும்.

நேரலையை அணைத்த பிறகு தன் யூடியூப் சேனலின் பின்னூட்டங்களைத் திறந்தாள். வாய் செத்தவள் என்று முதலில் அவளைத்தான் திட்டியிருந்தார்கள். பிறகு யாரோ ஒருவர், வல்லரசுவின் பெண்டாட்டியே ஓடிப்போனவள்தானே என்று எழுதினார். அதற்குக் கீழே ஆளுக்கொரு கதை. கவிதாவின் கல்யாணப் போட்டோவைக்கூட எங்கிருந்தோ தேடி எடுத்துப் போட்டிருந்தார்கள். படிக்கவே உடம்பு கூசியது. எழுதியவர்கள் எல்லாரும் ஜெசிந்தாவுக்குப் பரிந்து வந்தவர்கள். தினமும் காலையில் அவளுக்கு வணக்கம் போடுகிறவர்கள். அவள் அழிக்க அழிக்க மறுபடி முளைத்தன. உனக்காகத்தானே பேசுகிறோம், ஏன் அழிக்கிறாய் என்று ஒருவர் கோபித்துக்கொண்டார். கடைசியில் பின்னூட்டப் பகுதியையே மூடினாள். கொஞ்ச நேரத்தில் சேனலைவிட்டு ஆட்கள் விலகத் தொடங்கினார்கள். அந்த எண்ணிக்கை இறங்குவதை, பஸ் கிளம்பிப் போன நிறுத்தத்தில் நிற்பவளைப்போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. போனில் பெயர்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள்.

பொழுது சாயும்போது வல்லரசுவே கூப்பிட்டான்.

"கவிதா விஷயத்தை நீதான் வெளிய சொன்னியா?"

"இல்ல."

"தெரியும். சொல்றதுன்னா லைவ்லயே சொல்லியிருப்ப."

சண்டை இல்லாவிட்டால் யாரும் பார்க்கமாட்டார்கள், சேனல்காரர்கள் நெருக்குகிறார்கள் என்று ஏதேதோ சொன்னான். மன்னிப்பு மட்டும் அதில் இல்லை. அவன் முடிக்கும்வரை கேட்டிருந்துவிட்டு அவள் சொன்னாள்.

"என்னைப் பேசனதை விடுங்க. கவிதாவைப் பத்தி யாரும் பேசக்கூடாதுன்னு நாளைக்கு லைவ்ல உங்க வாயால சொல்லுங்க."

"சொன்னா என்னையும் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்."

அவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்திருப்பது கேட்டது. பிறகு, "சாப்டியா?" என்றான்.

"இனிமேதான்."

இருவரும் இணைப்பைத் துண்டிக்கவில்லை. அந்தப் பக்கம் எவர்சில்வர் தட்டு ஒன்றைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. கரண்டி பாத்திரத்தைச் சுரண்டியது. வேறு ஆள் சத்தம் எதுவும் இல்லை. ஜெசிந்தா சோற்றைப் போட்டுக்கொண்டு வந்து, போனைச் சொம்பின்மேல் சாய்த்து வைத்துவிட்டு, அதற்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.