பாதத்தை மறைத்த எச்சரிக்கை

1

இந்தக் கதையை நான் கேட்டது திருகோணமலை ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு தேத்தண்ணிக் கடையில். சொன்னவள் சிவாஜினி, உப்புவெளியில் என் அயல்வீட்டுப் பிள்ளை. துறைமுகத் தொழிலாளர் அணியும் கண்ணாடியில் எந்த எழுத்து எவ்விடத்தில் தெரியவேண்டும் என்று வடிவமைப்பது அவள் வேலை. அந்தக் கண்ணாடியினூடே கப்பலும் தெரியும், கப்பலுக்கு மேல் மிதக்கும் எழுத்தும் தெரியும். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அது போன இடம் தெரியவில்லை.

2

முதல் தொடக்கம்: "கொட்டியாரக் குடா அன்று நீலமாக..." வேண்டாம். ஒரு மனிதனின் கால் போயிருக்கிறது, எனக்குக் குடாவின் நிறம் கேட்கிறது!

இரண்டாவது: "முனீப் நல்லவர்." அடித்துவிட்டேன். இப்படித் தொடங்கினால் அவர் சாகப்போகிறார் என்று நினைத்துவிடுவீர்கள். (சாகவில்லை.)

மூன்றாவது. முனீப் கிண்ணியாக்காரர். கரைக்கு வரும் கப்பல்களைக் கயிற்றால் பிணைப்பவர், இருபது வருடமாக. கண்ணாடி வந்த முதல் வாரமே அவருக்குத் தலையிடி.

"தங்கச்சி, கண்ணுக்கு நேர எழுத்து நிண்டா ஏலாது. கொஞ்சம் கீழ எறக்குங்களன்."

"ஓம் நானா, செய்து தாறன்." அண்ணனைக் கிண்ணியாவில் நானா என்பார்கள்.

நேர்ப்பார்வைக்குச் சற்றுக் கீழேதான் கண் களைக்காது என்று அவளும் படித்திருந்தாள். இறக்கினாள். வெயிலிலும் தெரியட்டும் என்று எழுத்தைத் தடிப்பாக்கி மஞ்சளாக்கினாள். கந்தோரில் தன் மேசைக் கதிரையில் உட்கார்ந்தபடி ஒரு மணிநேரம் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தாள். நோகவில்லை. முனீப்பும் "இப்ப சொகம்" என்றார்.

(அடிக்குறிப்பாக வந்திருக்க வேண்டியது: கதிரையில் இருப்பவர் தன் காலைத் தேடுவதில்லை.)

3

செவ்வாய்க்கிழமை, முற்பகல் பத்து மணி. கப்பல் நெருங்குகிறது. கயிறு பிடிப்பவர் அந்த நேரம் தலை குனியமாட்டார். கப்பலில் நிற்பவனின் கைச்சைகையைத் தவறவிடக்கூடாது. கண்ணை மட்டும் இறக்கிக் காலடியைப் பார்த்துக்கொள்வார். முனீப்பும் இறக்கினார். அங்கே மஞ்சளாக, தடிப்பாக, "காலடி கவனம்: கயிறு" என்று நின்றது. எழுத்துக்குப் பின்னால் கயிற்றின் வளையம். வளையத்துக்குள் அவருடைய வலது கால். கயிறு இறுகி

இந்த வசனத்தை என்னால் முடிக்க முடியவில்லை. நான்கு வரைவுகளில் அந்தக் காலைக் காப்பாற்றியிருக்கிறேன். ஒன்றில் சப்பாத்து மட்டும் கழன்று கடலில் விழும், நன்றாகவே எழுதியிருந்தேன். ஆனால் சிவாஜினி மேசைக்குக் கீழே குனிந்து தன் வலது காலைத் தொட்டுப் பார்த்ததை நான் கண்டேன். ஒரு சப்பாத்துக்காக யாரும் அப்படித் தொட்டுப் பார்ப்பதில்லை.

4

மறுநாள் அவள் ஒரு கண்ணாடியை அணிந்துகொண்டு முனீப் நின்ற இடத்தில் நின்றாள். தலையை நிமிர்த்தியபடி கண்ணை இறக்கினாள். அவளுடைய பாதங்களைக் காணவில்லை. எழுத்துத்தான் இருந்தது, கண்ணுக்கு இதமாக. கண்ணாடியைக் கழற்றினாள், பாதங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன.

பின்னேரம் மேலாளர் தம்பிராசா ஒரு படிவத்தை நீட்டினார். எச்சரிக்கை ஆறு விநாடி ஒளிர்ந்ததாகக் கண்ணாடியிலேயே பதிவாகியிருந்தது.

"பிள்ளை, ஒரு கேள்விதான். எச்சரிக்கை தெளிவாத் தெரிஞ்சதோ எண்டு. ஆம் போட்டு ஒப்பம் வையுங்கோ, மிச்சத்தை நான் பாக்கிறன்."

மிச்சம் என்றால்: பிழை முனீப்புடையது, நட்டஈடு கிடையாது.

அவள் படிவத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். போர்வை அவருடைய வலது முழங்காலுக்குக் கீழே தட்டையாகக் கிடந்தது.

"நானா, என்னாலதான்..."

"அழாதீங்க தங்கச்சி. கண்ணுக்குச் சொகமா எண்டு கேட்டீங்க, சொகம் எண்டன். பொய்யில்ல. காலப் பத்தி நீங்க கேக்கல்ல, நானும் சொல்லல்ல."

அங்கிருந்து எழுந்து நேரே கடைக்கு வந்தவள்தான் என் முன்னால் இருந்தாள்.

5

படிவம் மேசையில். ஆம், இல்லை, இரண்டே பெட்டிகள். விளக்கம் எழுத இடமில்லை. ஒரு முடிவில் அவளை "இல்லை" போடவைத்தேன். வேலை போகிறது, நாம் கைதட்டுகிறோம். ஆனால் அது பொய். எச்சரிக்கை தெளிவாகத் தெரிந்தது. அந்த ஆறு விநாடியும் முனீப்பின் கண்ணுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். "ஆம்" என்பது உண்மை. அந்த உண்மை அவரை இன்னொரு முறை விழுத்தும்.

"நீங்கள் எண்டா என்ன போடுவீங்கள்?" என்று கேட்டாள். எழுதிப் பிழைக்கிறவன் நான், அவள் நீட்டிய பேனையை வாங்கிக்கொண்டேன்.

பேனையை உங்களிடம் தருகிறேன். தலையை நிமிர்த்தியபடி, கண்ணை மட்டும் இறக்கி, உங்கள் பாதங்கள் தெரிகின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிட்டுப் போடுங்கள்.