கூட்டிவிட்டுப் போகிறவன்

இஷாமை எனக்குப் பிடிக்காது. அவன் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை, அதனால் இன்னும் பிடிக்காது.

காத்தான்குடிக்காரன். கட்டாரில் கொம்பியூட்டர் வேலை பார்த்தவன், யுத்தம் முடிந்த கையோடு ஊருக்கு வந்து எங்கள் அலுவலகத்தில் சேர்ந்தான். சேர்ந்த கிழமையே எல்லாரும் அவனைத் தலையில் தூக்கி வைத்து ஆடத் தொடங்கிவிட்டார்கள். பிரிண்டரில் கடதாசி சிக்கினாலும் இஷாம், கோப்பு திறக்காவிட்டாலும் இஷாம். டேட்டா அடிக்கிற அஜந்தா, அதுவரை "கேதீஸ்வரி அக்கா, கேதீஸ்வரி அக்கா" என்று என் கதிரைக்குப் பின்னாலேயே நின்றவள், இப்போது "இஷாம் அண்ணாட்டக் கேக்கிறன்" என்று எழும்பிப் போனாள்.

மட்டக்களப்பில் சுனாமிக் கடல் அடித்த சனங்களுக்கு வீடு கட்டிக் கொடுத்த ஒரு வெளிநாட்டு நிறுவனம் அது. எங்கள் ஆட்கள் ஒவ்வொரு வீட்டையும் அத்திவாரம், சுவர், கூரை என்று படமெடுத்துக்கொண்டு வருவார்கள். அந்தப் படங்களைச் சுருக்கி, ஒன்றாகச் சேர்த்து, காசு கொடுத்த நாட்டுக்கு அனுப்பும் அறிக்கையாக்குகிற புரோகிராமை நான்தான் எழுதினேன். கடல் வந்த அடுத்த வருடம், தனியாக. செட்டிபாளையத்தில் எங்கள் வீட்டைத் தண்ணீர் வழித்துக்கொண்டு போன பிறகு, இது என்னுடையது என்று நான் சொல்ல மிஞ்சியிருந்தது அந்தப் புரோகிராம் ஒன்றுதான்.

இப்போது கடற்கரை வீடுகள் முடிந்துவிட்டன. அலுவலகம் சுருங்கப் போகிறது. வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில், யுத்தத்தால் இடம்பெயர்ந்து மீளக் குடியேறுகிறவர்களுக்கான வீட்டு வேலைக்காக, கொம்பியூட்டர் பகுதியில் ஒரேயொரு ஆளை மட்டும் வைத்திருப்பார்களாம். அந்த ஆள் நானா, அவனா என்பதை யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் தேநீர் குடிக்கும்போது என்னைப் பார்க்கிற பார்வையில் ஒரு இரக்கம் வந்திருந்தது. அந்த இரக்கத்தை யார் கேட்டது?

ஒரு நாள் காலையில் ஹாட் டிஸ்க் நிரம்பிவிட்டது என்று கொம்பியூட்டர் அடம்பிடித்தது. இஷாம் வந்து குனிந்து பார்த்தான். பின்னால் எங்கள் முகாமையாளர் வினாயகமூர்த்தி சேர் நின்றார்.

"அக்கா, இந்த டெம்ப் கோப்புறைக்குள்ள என்ன இவ்வளவு குவிஞ்சு கிடக்கு?"

என்ன கிடக்கும்? சுருக்கிய படங்களைப் புரோகிராம் முதலில் ஒரு தற்காலிகக் கோப்புறையில் போட்டுவைக்கும். அறிக்கை முடிந்ததும் அந்தக் கோப்புறையை அழித்துவிட வேண்டும். நான் அழிக்கிற வரியை எழுதவேயில்லை. கட்டாரில் கரண்ட் போகாது. இங்கே நான் எழுதிய காலத்தில் கரண்ட் எப்போது போகும் என்று கரண்டுக்கே தெரியாது. படுவான்கரைப் பக்கம் ஷெல் அடிக்கத் தொடங்கினால் நாங்கள் போட்டது போட்டபடி வீட்டுக்கு ஓடுவோம். மறுநாள் வந்து, அரைகுறையாய்க் கிடக்கிற தற்காலிகப் படங்களைப் பொறுக்கித்தான் அறிக்கையை முடிப்பேன். அழிக்கிற வரி எழுதியிருந்தால் அப்போது எதைப் பொறுக்கியிருப்பேன்?

இதையெல்லாம் சேருக்குச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் இஷாம், "கரண்ட் போற காலத்துல இப்பிடி விட்டது நல்லந்தான் சேர். இப்ப தேவையில்ல" என்று எனக்காகவும் பேசி முடித்துவிட்டான். என் நியாயத்தைக்கூட அவனே எடுத்துக்கொண்டான்.

பின்னேரத்துக்குள் சில வரிகள் எழுதினான். வேலை தொடங்கும்போது வேறெதனோடும் மோதாத பெயரில் ஒரு தற்காலிகக் கோப்புறை உண்டாகும். வேலை முடிந்தாலும் சரி, நடுவில் பிழை வந்து நின்றாலும் சரி, தானே அதை அழித்துவிட்டுத்தான் வெளியே வரும். சேர் வாயெல்லாம் பல்லாக, "இருந்த இடத்தக் கூட்டிப்போட்டுப் போற பிள்ள மாதிரி" என்றார். அப்படியானால் நான் யார் என்று அவர் சொல்லவில்லை.

என்னுடைய பழைய குவியலை மட்டும் இஷாம் தொடவில்லை. "அக்கா பாத்து எது வேணும் எது வேணாமெண்டு சொல்லுங்க, மறுகா அழிப்பம்" என்றான். அன்றைய வேலைக்கு இடம் போதாததால், தான் சேர்த்து வைத்திருந்த பாட்டுகளை அழித்தான். நான் பார்க்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. கிடக்கட்டும் என்று விட்டேன்.

மத்தியானங்களில் எல்லாரும் சாப்பிடப் போனதும் அவனுடைய வரிகளைத் திறந்து வைத்துக்கொண்டு பிழை தேடினேன். தலைமுடிக்குள் பேன் பார்ப்பதுபோலப் பார்த்தேன். எழுத்து அவ்வளவு துப்புரவு. பார்க்கப் பார்க்க ஆத்திரம்தான் வந்தது. கடைசியில் ஒன்று அகப்பட்டது.

டிஸ்க்கில் இடமில்லாமல் தற்காலிகக் கோப்புறை உண்டாகாமலே போனால்? அதன் பெயர் வெறுமையாக இருக்கும். அழிக்கிற வரி அந்த வெறும் பெயரை வாங்கிக்கொண்டு, புரோகிராம் நிற்கிற கோப்புறையையே அழித்துவிடும். வீட்டு இலக்கம் சொல்லாமல் இடிக்கச் சொன்னால் ஒருவன் தான் நிற்கிற வீட்டையே இடிக்கிற மாதிரி. அது நிற்பதோ மூலப்படங்கள் இருக்கிற கோப்புறையில். கெமராக் கார்டுகளை அன்றன்றே வெறுமையாக்கிவிடுவோம். சீடி எழுதுகிற பெட்டி பழுது. அந்தப் படங்களுக்கு வேறு பிரதி கிடையாது.

எனக்கு வந்த சந்தோசத்தை என்னவென்று சொல்ல? அன்றைக்குத்தான் சோறு ருசித்தது. வியாழக்கிழமைக் கூட்டத்துக்குக் கொழும்பிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அவர்களுக்கு முன்னால் எழும்பி, நிதானமாக, இஷாமின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்வேன். என்ன சேலை கட்டுவது என்றுகூட யோசித்துவிட்டேன்.

புதன்கிழமை அவன் படுவான்கரையில் கரடியனாற்றுக்குப் படமெடுக்கப் போன குழுவோடு போயிருந்தான். முந்திய நாட்களில் எடுத்த படங்கள் எல்லாம் வந்து இறங்கியிருந்தன. நான் என் மேசையில் இருந்தேன். அஜந்தா பக்கத்தில், புரோகிராம் இருக்கிற கொம்பியூட்டரில் அறிக்கை செய்ய ஆயத்தமானாள்.

"அக்கா, டிஸ்க்கில இடம் குறைவெண்டு காட்டுது. பறவாயில்லத்தானே, ஓட விடுறன்" என்றாள்.

குறைவு ஏன்? என் குவியல் அங்கேயே கிடப்பதால். எனக்கு எல்லாம் விளங்கியது. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். அவனுடைய வரி, அவனுடைய பிழை. கூட்டத்தில் நான் சொல்லவே தேவையில்லை, நடந்ததே சொல்லும். சேர் இனி யாரைத் தலையில் வைத்து ஆடுகிறார் பார்ப்போம் என்று நினைத்தேன். நன்றாக அனுபவித்து நினைத்தேன்.

அஜந்தாவின் திரையில் கடைசிப் படம் திறந்திருந்தது. கூரை போடாத சுவருக்கு முன்னால் ஒரு மனிசி, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கதவு இன்னும் போடவில்லை. போட்டதுபோலப் பிடித்திருக்கிறாள். இந்தப் படம் போகாவிட்டால் கூரைக்கான காசு வராது.

"நில்லு" என்று அஜந்தாவின் கையைத் தட்டிவிட்டேன். கொஞ்சம் பலமாகவே பட்டுவிட்டது.

பின்னேரம் இஷாம் புழுதியோடு வந்தான். அஜந்தாவைத் தடுத்த பிறகு, கூட்டம் வரை ஒளித்து வைக்க எனக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. கதவருகிலேயே சொன்னேன். "உங்கட வரி எல்லாப் படத்தையும் திண்டிருக்கும் தம்பி. வெறும் பேரை அழிக்கச் சொல்லி எழுதிப்போட்டுத் துப்புரவு பேசுறீங்க."

சண்டை பிடிப்பான், சாட்டுச் சொல்லுவான் என்று காத்திருந்தேன். அவன் திரையைப் பார்த்தான். முகம் வெளிறிப்போனது.

"ஓம் அக்கா. என்ட பிழைதான். நீங்க பாக்காட்டி முடிஞ்சிருக்கும்" என்றான். பெயர் வெறுமையாக இருந்தால் அழிக்காதே என்று அந்த இடத்திலேயே ஒரு வரி சேர்த்தான். பிறகு நேரே சேரிடம் போனான். அடுத்த நாள் கொழும்பு ஆட்களுக்கும் அவனே சொன்னான், தன் பிழையை, நான் பிடித்ததை, ஒன்றையும் மறைக்காமல். கூட்டம் முடிந்து வெளியே வந்த சேர் என்னிடம் சொன்னார்: "பிழையை இப்பிடி ஒப்புக்கொள்ளுறதுக்கு ஒரு பெரிய மனசு வேணும் என்ன, பிள்ள?"

ஓம் சேர் என்றேன்.

வேலை அவனுக்கென்று தீர்மானித்தார்கள். அந்தக் கிழமை முழுக்க நான் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒரு காலையில் அவன் என் மேசைக்கு வந்து, கட்டாருக்கு விசா வந்துவிட்டது, பழைய கொம்பனியே கூப்பிடுகிறது, "நான் போறன் அக்கா" என்றான். "சேரிட்டச் சொல்லிப்போட்டன். உங்களவிட இந்தப் புரோகிராமத் தெரிஞ்ச ஆள் இல்லயெண்டு."

இப்படித்தான் வேலை எனக்கு வந்தது. அவன் வேண்டாமென்று வைத்துவிட்டுப் போனது. எல்லாரும் கை கொடுத்தார்கள். அஜந்தா கேக் வாங்கி வந்தாள். நானும் ஒரு துண்டு தின்றேன்.

அவன் போன பிறகு, ஆட்கள் இல்லாத ஒரு மத்தியானம் புரோகிராமைத் திறந்தேன். அவனுடைய வரிகளை முழுக்க அழித்தேன். இது என்னுடையது, இதில் இன்னொருவன் கை இருக்கக்கூடாது. கோப்புறையை உண்டாக்குவது, பெயரைப் பார்ப்பது, முடிந்ததும் அழிப்பது எல்லாவற்றையும் முதலிலிருந்து என் புத்தியால் யோசித்து, என் கையால் எழுதினேன். எழுதி முடித்து மேலிருந்து கீழே வாசித்தேன்.

ஒரு எழுத்து மாறாமல் இஷாமுடையதுதான் வந்திருந்தது.